சிறுநீரில் ரத்தம் வந்து தானாகவே நின்றுவிட்டதா? நிம்மதி அடையாதீர்கள்!

[தொடக்கக் காட்சி: மும்பை தாராவி 90 அடி ரோடு, காலை நேரம்]

வணக்கம். நேராக ஒரு கேள்வி. இரண்டு பேருக்குச் சிறுநீரில் ரத்தம் போகிறது. ஒருவருக்குச் சுருக்சுருக்கென்று எரிகிறது, விலாவில் வலி, ஆள் துடிக்கிறார். இன்னொருவருக்கு ஒரு வலியும் இல்லை. இரண்டு நாளில் நின்றும் போய்விட்டது. இவர்களில் யாரை நினைத்து டாக்டர் அதிகம் கவலைப்படுவார்?

பெரும்பாலும் இரண்டாவது ஆளை நினைத்துத்தான். காரணத்தைச் சொல்கிறேன், கடைசிவரை பாருங்கள். வீட்டில் பீடி, சிகரெட் பிடிக்கிறவர் இருந்தால் அவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

எங்கள் சந்தில் ஒரு பெரியப்பா இருக்கிறார். ரத்த உறவு இல்லை, திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊர்க்காரர். இளவயதில் தாராவிக்கு வந்து, தோலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தார். பீடிக்கட்டு சட்டைப் பையில் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. அவருக்கு ரத்தம் போனது முதலில் அவருக்கே தெரியவில்லை. எப்படித் தெரியும்? பொதுக் கழிப்பறை, மங்கலான பல்பு, பீங்கானில் ஏற்கெனவே யாரோ துப்பிய குட்காச் சிவப்பு. அதில் தன் சிவப்பு எது என்று யார் குனிந்து பார்ப்பார்கள்? கோயில் கொடைக்கு ஊருக்குப் போனபோது, வெட்டவெளியில், நல்ல வெயிலில்தான் பார்த்திருக்கிறார்.

"டாக்டரைப் பாத்தீங்களா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"எதுக்குடே? சூடுதான். ரெண்டு எளநி குடிச்சேன், நின்னு போச்சு."

இந்த 'சூடு' என்ற ஒரு வார்த்தை நம் ஆட்களை எவ்வளவு காலம் வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறது! நீர்க்கடுப்பு என்றால் கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுவோம், வெந்தயத்தை ஊறவைத்து விழுங்குவோம், மோர் குடிப்போம். மோரும் இளநீரும் நிறையப் பேருக்குக் கெடுதல் இல்லை, குடியுங்கள். ஆனால் ரத்தம் நின்றதற்கு அவற்றுக்கு நன்றி சொல்லாதீர்கள். சிறுநீர்ப்பையில் ஒரு கட்டி இருந்தால் அதிலிருந்து கசியும் ரத்தத்தின் குணமே அதுதான். ஒரு நாள் வரும், நிற்கும், மாதக்கணக்கில் தலைகாட்டாது, மறுபடி வரும். அந்த இடைவெளியில் கட்டி சும்மா இருப்பதில்லை.

சரி, பீடிப் புகை நெஞ்சுக்குள்தானே போகிறது, சிறுநீர்ப்பைக்கு என்ன வந்தது?

[திரையில்: வீட்டு வாசலில் நீல நிறத் தண்ணீர் டிரம்]

இந்த நீல டிரம் இல்லாத வீடு நம் ஏரியாவில் உண்டா? முட்ட நிரப்பினால் ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கும். நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. கிட்டத்தட்ட ஒரு டிரம்! அதில் 99 சதவீதத்துக்கும் மேல் உடம்பு திரும்ப வாங்கிக்கொள்கிறது. மிச்சம் ஒன்று, ஒன்றரை லிட்டர்தான் சிறுநீராக வெளியே வருகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம்தான். ஒரு டிரம் தண்ணீரைத் தினமும் வடிகட்டி, ஒரு சொம்பில் கழிவைச் சேர்த்துத் தருகிற இயந்திரம், முதுகுப் பக்கம் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது புகைக்கு வருவோம். புகையில் இருக்கும் நச்சு நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அதைப் பிரித்து வெளியே தள்ளுகிறது. அந்த நச்சு போய்ச் சேரும் இடம் சிறுநீர்ப்பை. டிரம்மின் அடியில் வண்டல் தங்குகிற மாதிரி, அடுத்த தடவை நீங்கள் கழிப்பறைக்குப் போகும்வரை மணிக்கணக்கில் அந்தப் பையின் உள்சுவரைத் தொட்டுக்கொண்டே கிடக்கிறது. இப்படியே வருஷக்கணக்கில். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகையிலைதான் காரணம்.

சாயத்துக்கும் இதே கதைதான். 1895-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் லூட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலை ஆட்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அவர்கள் தயாரித்தது பளீரென்ற மெஜந்தா நிறச் சாயம். பின்னாளில்தான் அந்தத் தொழிலில் புழங்கிய சில குறிப்பிட்ட ரசாயனங்கள்மேல் குற்றம் உறுதியானது. தொட்ட வருஷமே நோய் வராது, இருபது, முப்பது வருஷம் கழித்தும் வரலாம். அதனால் பழைய பட்டறை வேலை, பெயின்ட் வேலை, ரப்பர் வேலை எது பார்த்திருந்தாலும், விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தாலும், டாக்டரிடம் சொல்லுங்கள். அவராகக் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ரத்தம் வந்தாலே புற்றுநோய் என்று பயந்து உட்காராதீர்கள். நிறையப் பேருக்குக் காரணம் சிறுநீர்த் தொற்று அல்லது கல்தான். எரிச்சலும் அடிக்கடி போகிற உணர்வும் இருந்தால் பெரும்பாலும் தொற்று. விலாவிலிருந்து தொடை இடுக்குவரை இறங்குகிற வலி என்றால் பெரும்பாலும் கல். வயதான ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கம். பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண்ணோ சொறி சிரங்கோ வந்த சில வாரத்தில் முகம் வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் சிறுநீரகத்தின் வடிகட்டியே பாதிக்கப்பட்டிருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

பெண்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் லோக்கல் டிரெயினில் போய்வந்து வேலை பார்க்கிற அக்காக்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. காரணம் தெரியும், போக இடம் இல்லை. தொற்றுக்கும் கல்லுக்கும் இது வழி திறந்துவிடுகிறது. இன்னொரு கொடுமை, பெண்களுக்கு ரத்தம் என்றாலே தொற்று என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது. மாத்திரை முடிந்த பிறகும் வந்தால், "கல்ச்சர் டெஸ்ட் எடுத்தீங்களா? அதில் கிருமி இருந்ததா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

சிவப்பெல்லாம் ரத்தமும் இல்லை. பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்குச் சிவக்கும். டிபி மருந்தில் இருக்கும் ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், கண்ணீர்கூட நிறம் மாறும். அதற்காக டிபி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஜிம்மில் புதிதாகச் சேர்ந்து உடம்பை முறித்த தம்பிகளுக்குக் கோலா நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 'மாத்திரையால்தான்' என்று விடவும் வேண்டாம், தாங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

பரிசோதனை என்றால் முதலில் சிறுநீர், அப்புறம் சோனோகிராபி, அதாவது வயிற்று ஸ்கேன். சிறிய கட்டி சோனோகிராபியில் தப்பிவிடலாம். அதனால் தேவைப்பட்டால் மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுச் சிறுநீர்ப்பைக்குள்ளேயே பார்ப்பார்கள். பெரியப்பா இதற்குத்தான் ரொம்பப் பயந்தார். மரத்துப்போகிற ஜெல் தடவி, சில நிமிடத்தில் முடிந்துவிட்டது. கட்டி இருந்தது. வயிற்றைக் கிழிக்காமல் அதே வழியாகவே சுரண்டி எடுத்தார்கள். இப்போது சொன்ன தேதிக்குத் தவறாமல் போய்க் காட்டுகிறார். பீடியை விட்டுவிட்டார்.

[திரையில்: உடனே போக வேண்டியவை]

சிறுநீர் அடைத்துக்கொண்டது, கட்டி கட்டியாக ரத்தம், குளிர்காய்ச்சல், வாந்தியோடு வலி, தலைசுற்றல், அடிபட்ட பிறகு ரத்தம், கர்ப்பிணி, இதில் எதுவானாலும் விடியட்டும் என்று இருக்காமல் ராத்திரியே கேஷுவாலிட்டிக்குப் போங்கள். மற்றவர்கள் ஓரிரு நாளில் டாக்டரைப் பாருங்கள், நின்றுவிட்டாலும் பாருங்கள். சயான், கேஇஎம் மாதிரி மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் கேஸ் பேப்பர் (பதிவுச் சீட்டு) எடுத்து, சிறுநீர்ப் பிரச்சினை என்று சொல்லுங்கள். போகும் முன் ஒரு வெள்ளைக் கப்பில் பிடித்து, வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். போகிற அன்றைக்கு நிறம் தெளிந்திருந்தாலும் காட்ட ஆதாரம் இருக்கும்.

ஹிந்தி தெரியாமல் தயங்குகிறவர்களுக்காக இரண்டு வரி. ஹிந்தியில், "பேஷாப் மே கூன் ஆதா ஹை." மராட்டியில், "லகவீதூன் ரக்த ஜாத்தய்." கமென்ட்டில் பின் செய்து வைக்கிறேன். உங்கள் வீட்டு ஆச்சிக்கு இன்றைக்கே சொல்லிக் கொடுங்கள், சத்தமாக இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.