பரீட்சை நேரத்துக் காயம் ஏன் சீக்கிரம் ஆறுவதில்லை?

[திரையில்: திறந்த வாய். மேலண்ணத்தில் ஒரு சிறு சிவப்புப் புள்ளி]

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த 11 மாணவர்கள் ஒரு வினோதமான காரியத்துக்குச் சம்மதித்தார்கள். வாயின் மேலண்ணத்தில் மூன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு காயம் போடுவார்கள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. முதல் காயம் கோடை விடுமுறையில். இரண்டாவது, பெரிய பரீட்சை ஒன்றுக்கு மூன்று நாள் முன்னால், அண்ணத்தின் மறுபக்கத்தில்.

தினமும் காயத்தைப் படம் எடுத்து அளந்தார்கள். அதோடு ஹைட்ரஜன் பெராக்சைடு தடவிப் பார்த்தார்கள். ஆறாத காயமாக இருந்தால் நுரைக்கும், மூடிவிட்டால் நுரைக்காது.

பரீட்சை நேரத்துக் காயம் ஆற, சராசரியாக மூன்று நாள் கூடுதலாக ஆனது. அதாவது 40 சதவீதம் அதிக நேரம். விடுமுறையில் ஆறிய வேகத்தில் பரீட்சை நேரத்தில் ஒருவருக்குக்கூட ஆறவில்லை.

வெறும் 11 பேர்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடவில்லை. அதே ஆள், அதே வாய், அதே அளவு காயம். மாறியது காலண்டர் மட்டும். 11 பேருக்கும் ஒரே திசையில் முடிவு வந்ததால்தான் 1998-ல் வெளியான இந்தச் சின்ன ஆய்வை இன்றும் பேசுகிறார்கள்.

சரி, பாடப் புத்தகத்தைப் பார்த்துப் பயப்படுவது மூளை. அண்ணத்தில் இருக்கும் ஓட்டைக்கு அந்தப் பயம் எப்படித் தெரிந்தது?

[திரையில்: காயத்தின் குறுக்குவெட்டுப் படம்]

காயம் ஆறுவது என்றால் தோல் தானாக ஒட்டிக்கொள்வது என்று நினைக்கிறோம். அதற்கு முன்னால் அங்கே வீக்கம் வந்தாக வேண்டும். ரத்தம் உறைந்த சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து கிருமிகளை விழுங்கும். அப்புறம் மேக்ரோஃபேஜ்கள். இவை துப்புரவும் செய்யும், கொத்தனாருக்கு ஆளும் அனுப்பும். செத்த செல்களைத் தின்றுவிட்டு, புதுத் திசு கட்டுகிற செல்களைக் கூப்பிடும். இந்த அணுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரசாயனச் செய்திகளுக்குச் சைட்டோகைன் என்று பெயர். அதில் முக்கியமான ஒன்று இன்டர்லூக்கின்-1. பரீட்சை நேரத்தில் எடுத்த ரத்தத்தில், அந்த இன்டர்லூக்கினைத் தயாரிக்கும் வேலையே குறைந்திருந்தது. முதல் ஆள் தாமதமாக வந்தால் அன்றைய வேலை முழுக்கத் தள்ளிப்போகும் இல்லையா, அதே கதைதான்.

தாமதப்படுத்தியதில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனுக்குப் பெரிய பங்கு இருக்கலாம். இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்த மாதிரி அட்ரீனல் சுரப்பிகள் உட்கார்ந்திருக்கின்றன. மூளை கவலைப்பட்டால், அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வழியாக அங்கே உத்தரவு போகும், கார்ட்டிசோல் சுரக்கும். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்று, வீக்கத்தை அடக்கு: இந்த இரண்டும் அது சொல்லும் செய்திகளில் முக்கியமானவை.

இங்கேதான் எனக்குப் பல நாளாக ஒரு குடைச்சல். ஆபத்து வரும் நேரத்தில் போய் உடம்பு தன் படையையே ஏன் கட்டிப்போட வேண்டும்?

முதல் பதில், உடனே கட்டிப்போடுவதில்லை என்பதுதான்.

[திரையில்: இரவுத் தெரு. ஒரு நாய். ஓடும் கால்கள்]

ராத்திரி தெருவில் நாய் துரத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்ரீனலின் பாய்கிறது. சாதாரணமாக, ரத்தத்தில் இருக்கும் நியூட்ரோஃபில்களில் ஏறக்குறைய பாதி ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். அட்ரீனலின் அவற்றைச் சுவரிலிருந்து பெயர்த்து ஓட்டத்தில் விட்டுவிடும். அதனால்தான் மாடிப்படியில் ஓடிவந்து உடனே ரத்தம் கொடுத்தால் வெள்ளணு எண்ணிக்கை உயர்ந்து காட்டலாம். அந்த நேரத்தில் புதிய அணு எதுவும் பிறந்திருக்காது. ஓரமாக நின்றவர்கள் நடுத்தெருவுக்கு வந்ததுதான் கணக்கில் ஏறுகிறது.

சிறிது நேரத்தில் கார்ட்டிசோலும் சேர்ந்துகொள்ள, சிலவகை அணுக்கள் ரத்தத்தை விட்டுத் தோல் போன்ற இடங்களுக்குப் போய் நிற்கும். தேரோட்டத்துக்கு முந்தின நாள் ஸ்டேஷனில் இருக்கும் போலீஸையெல்லாம் நான்கு ரத வீதிக்கும் பந்தோபஸ்துக்கு அனுப்புவார்களே, அதுபோல. ஸ்டேஷனில் தலை எண்ணினால் ஆள் குறைவு. ஆனால் ஊரில் காவல் குறையவில்லை. நாய் கடித்தால் முதலில் கிழியப்போவது தோல்தானே? ஃபிர்தௌஸ் தாபர் என்ற ஆராய்ச்சியாளர் 1990-களில் எலிகளில் இதைக் காட்டினார். சிறிது நேரம் மட்டும் நெருக்கடி கொடுத்த எலிகளின் தோலில் எதிர்ப்பு விளைவு கூடியது. வாரக்கணக்கில் நெருக்கடி கொடுத்தபோது குறைந்தது.

ஆக, மன அழுத்தம் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்று ஒற்றை வரியில் முடிப்பது பாதி உண்மை. எவ்வளவு நேரம் என்ற கேள்வியை அது விட்டுவிடுகிறது.

இரண்டாவது பதில் இன்னும் சுவாரசியமானது. கார்ட்டிசோலின் வேலை, படை நம் வீட்டையே இடித்துவிடாமல் பார்த்துக்கொள்வது. இது தெரியவந்த கதையைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும்.

[திரையில்: வீங்கிய விரல் மூட்டுகள். கறுப்பு வெள்ளை]

முடக்குவாதத்தில் எதிர்ப்பு அணுக்கள் சொந்த மூட்டையே தாக்கும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் 1929-லிருந்து ஒரு விஷயத்தைக் கவனித்துவந்தார். முடக்குவாதக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தால் மூட்டுவலி குறைகிறது. கர்ப்பம் தரித்த பெண்களுக்கும் குறைகிறது. ஒரு நோய் வந்ததால் இன்னொரு நோய் தணிகிறது என்றால், உடம்புக்குள்ளேயே ஏதோ ஒரு பொருள் சுரந்து அடக்குகிறது என்று அவர் ஊகித்தார். அதே ஊரில் எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலாளர் அட்ரீனல் சுரப்பியிலிருந்து பொருள்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். இருவரும் கைகோத்தார்கள். 1948 செப்டம்பரில், நடக்கவே சிரமப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்கு அதில் ஒன்றை ஊசியாகப் போட்டார்கள். ஒரு வாரத்துக்குள் அவர் நடந்து கடைத்தெருவுக்குப் போய்வந்தார். அந்த மருந்து கார்ட்டிசோன். நம் உடம்பு அதைக் கார்ட்டிசோலாக மாற்றிக்கொள்ளும். 1950-ல் இருவரும் சுவிட்சர்லாந்தின் வேதியியலாளர் டாடியஸ் ரைக்ஸ்டைனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பரிசு வாங்கிய சூட்டோடு பக்கவிளைவுகளும் தெரியத் தொடங்கின. முகம் உப்பும், எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், தொற்று எளிதில் வரும்.

இந்த இரண்டு முகத்தையும் நம் தலைமுறை ஒரே வருட இடைவெளியில் பார்த்துவிட்டது. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுத்தால் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று அறிவித்தது. விலை மலிவான, பழைய ஸ்டீராய்டு மருந்து. கார்ட்டிசோலின் செயற்கை உறவினர். அந்தக் கட்டத்தில் நுரையீரலைக் கெடுத்துக்கொண்டிருந்ததில் வைரஸைவிட நம் படையின் பங்குதான் பெரிது. பிரேக் பிடித்தால் உயிர் பிழைத்தது. ஆனால் ஆக்சிஜனே தேவைப்படாத நோயாளிகளுக்கு இதே மருந்தால் பலன் இல்லை. அந்த இரண்டாவது வரியை நம்மில் பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2021-ல் இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை வந்தது ஞாபகம் இருக்கிறதா? கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயும், தேவைக்கு மேல் கொடுத்த ஸ்டீராய்டும் அதற்கு முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. காற்றிலும் மண்ணிலும் எப்போதும் இருக்கிற பூஞ்சைதான் அது.

மாத்திரையில் செய்வதையே, நாள்பட்ட கவலை உள்ளுக்குள் மெல்லச் செய்கிறது. அதே அளவுக்கு இல்லை, அதே திசையில்.

[திரையில்: மூக்குச் சொட்டு மருந்து. ஆங்கிலேய கிராமப்புறம்]

இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்ற ஊரில் சளிக்காகவே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. ஆரோக்கியமான ஆட்கள் விருப்பப்பட்டு வந்து தங்குவார்கள், மூக்கில் சளி வைரஸைச் சொட்டுவார்கள். ஷெல்டன் கோஹன் குழுவினர் 394 பேரிடம் முதலில் அவர்களது மன அழுத்தத்தைக் கேள்விகளால் அளந்துகொண்டு, அப்புறம் வைரஸைச் சொட்டினார்கள். 1991-ல் முடிவு வெளியானது. அழுத்தம் மிகக் குறைவாக இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சளி பிடித்தது. மிக அதிகமாக இருந்தவர்களில் 47 சதவீதம். வைரஸ் எல்லோர் மூக்கிலும் நேரடியாகப் போனதால், கவலைப்படுகிறவர்கள் வெளியே அதிகம் அலைகிறார்கள் போல என்றெல்லாம் சாக்குச் சொல்ல வழியில்லை.

1998-ல் அதே கோஹன் இன்னொரு ஆய்வில், எந்த மாதிரிக் கவலை என்று துருவினார். ஒரு மாதத்துக்குள் முடிந்துபோன நெருக்கடி, கடுமையானதாக இருந்தாலும், சளியைக் கூட்டவில்லை. ஒரு மாதத்தைத் தாண்டி நீண்ட கவலைகள் கூட்டின. குறிப்பாக, வேலையில்லாத் திண்டாட்டமும் நெருங்கிய உறவுகளோடு ஓயாத சண்டையும்.

நீண்ட நாளானால் இன்னொரு கோளாறும் வருகிறது. நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே இருக்கிற அம்மாவின் குரல் பிள்ளையின் காதில் ஏறாது. அதேபோல, கார்ட்டிசோலை ஓயாமல் கேட்ட வெள்ளணுக்கள் ஒரு கட்டத்தில் அதற்குச் செவிசாய்ப்பதை விட்டுவிடுகின்றன. பிரேக் தேய்ந்துவிடுகிறது. அப்போது வைரஸை விரட்டுவதில் மந்தம், வீக்கத்தை நிறுத்துவதிலும் மந்தம். எதிர்ப்புச் சக்தி ஒரே நேரத்தில் குறைவாகவும் அதிகமாகவும் இருக்க முடியுமா என்றால், இந்த அர்த்தத்தில் முடியும்.

காவல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் உதாரணம் அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் உடம்பை விட்டுப் போவதே இல்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் படுத்துத் தூங்கும். டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் அதற்குக் காவல். வயதாகி அல்லது உடம்பு நொந்து காவல் தளர்ந்தால், அது ஒரே ஒரு நரம்பின் வழியாக இறங்கி, இடுப்பிலோ நெற்றியிலோ பட்டையாகக் கொப்பளிக்கும். விண்வெளிப் பயணத்தின்போது வீரர்களின் எச்சிலில் இந்த வைரஸ் தலைகாட்டியிருக்கிறது. குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் உண்டு. எழுதிக்கொள்வது உங்கள் நம்பிக்கை, ஆனால் முதல் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்து வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள். கண்ணை ஒட்டி வந்தால் அன்றைக்கே.

இதுவரை மூளை, படைக்கு உத்தரவு போட்ட கதை. படையும் மூளைக்கு உத்தரவு போடும். காய்ச்சலில் சோறு பிடிக்காமல், யாரோடும் பேசப் பிடிக்காமல், போர்த்திக்கொண்டு சுருண்டு படுப்பது கிருமியின் வேலை என்று நினைத்திருப்பீர்கள். அது பெரும்பாலும் நம் சைட்டோகைன்கள் மூளைக்குச் சொல்லி நடத்துவது. தடுப்பூசி போட்ட மறுநாள் கிருமியே இல்லாமல் அடித்துப் போட்ட மாதிரி இருந்ததே, அதுதான் சாட்சி. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடம்பின் எரிபொருள் செலவு பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். வேறு செலவுகளை நிறுத்தித்தான் ஆகவேண்டும்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி, கூட்டும் பானம் என்று விற்பவர்களிடம் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான். எதைக் கூட்டுவீர்கள்? தும்மலும் தடிப்பும் வரவழைக்கிற ஆன்டிபாடியையா, மூட்டைத் தின்கிற அணுக்களையா? தூக்கத்துக்கு இருக்கும் ஆதாரம் அந்தப் பொடிகளுக்கு இல்லை. 2009-ல் 153 பேர் மூக்கில் வைரஸ் சொட்டிப் பார்த்தபோது, எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவர்களைவிட, ஏழு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு.

[திரையில்: பழைய சென்னை வீதி, 1950-கள்]

இவ்வளவும் கேட்டுவிட்டு, மனசை லேசாக வைத்துக்கொண்டால் எந்த நோயும் அண்டாது என்று யாராவது முடிவுக்கு வந்தால், அவர்களுக்கு ஒரு சென்னைக் கதை. காசநோய் வந்தால் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, கவலையில்லாத ஓய்வு என்று சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைப்பதுதான் அந்தக் கால வழக்கம். தாம்பரத்துக்கு முந்தைய ஸ்டேஷனின் பெயர் அப்படி வந்ததுதான். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தது. இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து. ஒரு பிரிவு சானடோரியத்தில். இன்னொன்று, நெரிசலான தங்கள் வீடுகளிலேயே, அரைகுறைச் சாப்பாட்டோடும் அன்றாடக் கவலைகளோடும். 1959-ல் முடிவு வந்தது. இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாகியிருந்தன. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. அதற்குப் பிறகு உலகமெங்கும் காசநோயாளிகளுக்கு வீட்டிலேயே மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள், சானடோரியங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின.