பாவசங்கீர்த்தனமே!

நடுவர் ஐயா அவர்களே, அவையோரே, வணக்கம்.

"மனிதனைத் தாழ்த்திக் கழுவுவதில் முந்தி நிற்பது பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கா, குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனமா?" இதுதான் கேள்வி. எதிரணியினர் யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை உருக்கமாக வாசித்தார்கள். ஆண்டவர் மேலுடையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டி, சீடரின் பாதங்களைக் கழுவியதை நாங்களும் வணங்குகிறோம். ஆனால் கோயிலில் என்ன நடக்கிறது? ஆட்களை முதலே தெரிவுசெய்கிறோம். அவர்களும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வருகிறார்கள். குனிபவர் குருவானவர், நாங்கள் கதிரையில் இருக்கிறோம். திருப்பலி நூல் இச்சடங்கைக் கட்டாயமாக்கவுமில்லை. பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று 2016இல் திருத்தம் வந்தது, மிக நல்ல திருத்தம். அப்படியிருந்தும் ஆண்டுக்கு ஒருநாள், ஒரு சிலருக்கு மட்டுமே.

பாவசங்கீர்த்தனத்தில் விதிவிலக்கு யாருக்கும் இல்லை. எந்தக் குருவும் தன் பாவத்துக்குத் தானே மன்னிப்பு வழங்க முடியாது. பாப்பரசரும் இன்னொரு குருவின் முன் முழந்தாளிடத்தான் வேண்டும்.

மறைக்கல்வியில் படித்த ஐந்து காரியங்களை நினைத்துப் பாருங்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம் அதாவது செய்த பாவத்துக்காக மனம் வருந்துதல், இனிச் செய்வதில்லை என்ற தீர்மானம், பாவங்களை வெளியிடல், பரிகாரம். பிழைப்பது எங்கே? "கோபப்பட்டேன், பொய் சொன்னேன்" என்று பொதுவாகச் சொல்லித் தப்பப் பார்க்கிறோம். சாவான பாவமென்றால், அதாவது கடவுளின் அருளையே இழக்கச் செய்யும் கனமான பாவமென்றால், என்ன பாவம், எத்தனை தரம் என்று நினைவுக்கெட்டியவரை சொல்லவேண்டும். சிலர் மருமகளின் குற்றத்தைச் சொல்லிவிட்டு எழும்புகிறார்கள். தெரிந்துகொண்டே ஒரு சாவான பாவத்தை ஒளித்தால் அந்தச் சங்கீர்த்தனமே செல்லாது.

நடுவர் அவர்களே, பரிகாரத்தில்தான் எங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது. இடம்பெயர்ந்தவர் திரும்பி வருமுன் அவருடைய காணிக்குள் வேலியைத் தள்ளிப் போட்டவர், ஐந்து 'அருள்நிறை மரியே' சொல்லிவிட்டு ஆறுதலாக இருக்க முடியாது. வேலியைப் பிடுங்கிப் பழைய எல்லையில் நடவேண்டும். குளத்துத் தண்ணீரில் அடுத்தவன் முறையைக் களவாகத் திருப்பி அவன் பயிரைக் காயவிட்டவர் நட்டத்தைக் கொடுக்கவேண்டும். ஒருத்தியின் பெயரைக் கெடுத்தவர், கெடுத்த இடத்திலேயே போய்த் திருத்திச் சொல்லவேண்டும். களவெடுத்ததைத் திருப்பிக் கொடு, கெடுத்த பெயரைச் சீராக்கு என்று கத்தோலிக்க மறைக்கல்வி நேராகவே சொல்கிறது. நற்செய்தியில் வரும் வரிதண்டுவோன் சக்கேயு, ஏமாற்றியதை நாலு மடங்கு திருப்பித் தருவேன் என்றான். ஒருவர் காலில் தண்ணீர் வார்ப்பதால் இந்தக் கணக்கு ஒன்றும் தீராது.

போர்க்காலத்தில் ஷெல் விழும்போது பங்கருக்குள் இருப்பவர்களின் பாவங்களைக் குரு ஒவ்வொருவராகக் கேட்க நேரம் ஏது? அந்த மரண ஆபத்தில் எல்லோருக்கும் பொதுவாகப் பாவமன்னிப்பு வழங்கத் திருச்சபைச் சட்டம் 961 இடமளிக்கிறது. ஆனால் உயிர் தப்பியவர் தன் சாவான பாவங்களைப் பிறகு தனியாகச் சொல்லவேண்டும். குண்டுக்குள்ளும் திருச்சபை விட்டுக்கொடுக்காத தாழ்மை இது. அப்படிச் சொன்னதை நீதிமன்றம் கேட்டாலும், ஆயுதம் வைத்திருப்பவர் கேட்டாலும் குரு வெளியிடக்கூடாது. நேரடியாக வெளியிட்டால் அந்தக் கணமே திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார். பக்கத்து வீட்டுக்காரனை நம்பவே பயந்து வாழ்ந்த சனத்துக்கு, வாய் திறந்து பேச இப்படியொரு இடம் இருந்ததே, அது சின்ன விசயமா?

"பாதம் கழுவுதலில் மன்னிப்பு இல்லையா?" என்று எதிரணித் தங்கை கேட்டார். அம்மா, அன்று இரவு யூதாசின் பாதங்களையும் ஆண்டவர் கழுவினார். கழுவிய காலோடுதான் அவன் காட்டிக்கொடுக்கப் போனான். பேதுருவோ ஆண்டவரைத் தெரியாதென்று மூன்று தரம் மறுதலித்து, மனம் கசந்து அழுது, பிறகு திபேரியாக் கடற்கரையில் மூன்று தரம் தன் வாயாலேயே "உம்மை நேசிக்கிறேன்" என்று சொன்னார். இருவரின் காலிலும் பட்டது ஒரே தண்ணீர். பிறகு ஏன் ஒருவர் எழும்பினார், மற்றவர் எழும்பவில்லை? எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும்.