கட்டைவிரல் தீர்ப்பு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இணையத்தில் பிறரைத் தீர்ப்பிடும் பழக்கம் திரையோடு நிற்கிறதா, வாழ்க்கைக்குள்ளும் வருகிறதா என்பது தலைப்பு. வருகிறது, வந்து நடுவீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது என்பது எங்கள் கட்சி.

எதிரணியினர் சொல்லப்போவது தெரியும்: "போனில் புலி, நேரில் பூனை." வாய் பூனைதான் ஐயா, மனசு? கமெண்ட்டில் ஒருவரைக் கிழித்துவிட்டு ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர் அவரோடு சண்டை போடுவதில்லை. வழக்கமாக உட்காரும் வரிசையை மாற்றிக்கொள்கிறார். தீர்ப்பு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது!

இது எப்படிப் பழக்கமாகிறது? பேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது 2009-ல், கோப முகம் வந்தது 2016-ல். ஒரு மனிதரைப் பற்றி முடிவெடுக்க ஒரு கட்டைவிரலும் ஒரு விநாடியும் போதும் என்றாகிவிட்டது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ட்விட்டரில் 7,331 பேரின் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டார்கள். கொட்டிய கோபத்துக்கு லைக்கும் பகிர்வும் கிடைத்தவர்கள், பிறகு இன்னும் அதிகமாகக் கொட்டினார்கள். அந்த ஆய்வு ட்விட்டரோடு நின்றது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போனுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று நமக்கு இரண்டு மனசா இருக்கிறது?

ஒரு ஸ்கிரீன்ஷாட்டைப் பாருங்கள். பாடகர் குழுவில் ஒருவர் அனுப்பிய செய்தி: "இந்த வாரமும் வர முடியாது." அதை வெட்டி நாலு பேருக்கு அனுப்பியாகிவிட்டது: "பொறுப்பே இல்லை." வெட்டியதில் போனது அதற்கு மேல் வரி: "அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை." அடுத்த பயிற்சிக்கு அவர் வரும்போது நாலு முகங்கள் இறுகியிருக்கின்றன. காரணம் அவருக்குத் தெரியாது, கேட்கவும் ஆளில்லை.

வேதாகமத்தில் மத்தேயு 18-ம் அதிகாரத்தில் இயேசு ஒரு வரிசை வைத்தார். சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப்போ. அதற்கும் கேட்காவிட்டால்தான் சபைக்குச் சொல். நாம் இதைத் தலைகீழாக்கிவிட்டோம்! முதலில் குரூப்புக்குச் சொல்கிறோம், பிறகு சாட்சி தேடுகிறோம், தனியாகப் போய்ப் பேசுவது கடைசிவரை நடப்பதே இல்லை. வரிசை மாறினால் என்ன கெடுகிறது? தனியாகச் சொன்னால் அவர் "தப்புத்தான்" என்று ஒப்புக்கொள்ள இடமிருக்கிறது. ஐம்பது பேர் பார்க்கும்போது எவரும் ஒப்புக்கொள்ளமாட்டார், மானத்தைத்தான் காப்பாற்றுவார். அடிதடி, பிள்ளைகளைச் சீரழிப்பது போன்ற குற்றங்களுக்கு இந்த வரிசையைக் காட்டி மூடிமறைக்கக் கூடாது. அங்கே உடனே காவல்துறைதான்.

"அப்படியானால் தப்பையே சொல்லக் கூடாதா?" என்பார்கள். மத்தேயு 7-ஐ "மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்ற முதல் வசனத்தோடு மூடிவிடுகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. ஐந்தாம் வசனம்வரை படியுங்கள். உன் கண்ணில் உள்ள உத்திரத்தை முதலில் எடு, பிறகு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்கிறார். துரும்பு எடுப்பது எப்படி? மூச்சு படும் அளவுக்குக் கிட்டப் போகவேண்டும், தாடையைப் பிடிக்கவேண்டும், கை நடுங்கக் கூடாது. அவரும் கண்ணைத் திறந்து காட்டவேண்டும், அதற்கு நம்மேல் நம்பிக்கை வேண்டும். தூர இருந்து கல்லெறிந்து யாராவது துரும்பு எடுப்பார்களா?

வீட்டிலும் இதே கதைதான். பிள்ளை "மார்க் குறைஞ்சிடுச்சு" என்று ஆரம்பித்த உடனே அப்பா "எந்நேரமும் போன்" என்று முடித்துவைக்கிறார். முழுப் பதிவைப் படிக்காமல் கமெண்ட் போட்ட அதே அவசரம். காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்வது புத்தியீனம் என்கிறது நீதிமொழிகள் 18:13.

நாலு வசனம் தள்ளி இன்னொன்று இருக்கிறது: வழக்கில் முதலில் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான், பிறகு அயலான் வந்து அவனைப் பரிசோதிப்பான். நடுவர் அவர்களே, இந்த மேடையில் முதலில் பேசியவன் நான். எதிரணியையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.