மாடியில் கம்பு வைத்தும் வலசைப் பறவை வரவில்லையே?

மதுரையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "குளிர்காலத்தில் தூர தேசத்துப் பறவைகள் வரும் என்கிறீர்கள். மாடியில் கம்புத் தானியமும் தண்ணீரும் வைக்கிறேன். காக்கையும் புறாவும்தான் வருகின்றன. வேடந்தாங்கலுக்குப் போனால்தான் பார்க்க முடியுமா?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை.

தண்ணீர் இருக்கட்டும் அம்மா, கம்பை விடுங்கள். நம் தெருவுக்கு வருகிற வலசைப் பறவைகளில் பல பூச்சி தின்பவை. அவற்றுக்குப் புதர்தான் சோறு. ஐப்பசி மழையில் வேலியோரம் தழைத்து நிற்பதைக் குப்பை என்று வெட்டிவிடாதீர்கள், மருந்தும் அடிக்காதீர்கள்.

அப்புறம், வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், நான் எப்போதும் சொல்வதுதான்: முதலில் காது, பிறகு கண். காலையில் செம்பருத்திக்குள்ளிருந்து "டக்... டக்..." என்று கேட்கிறதா? கூழாங்கல் இரண்டைத் தட்டுகிற மாதிரி இருக்கும். என் அத்தை அதைப் பல்லி என்றே நினைத்திருந்தார். அது பிளித் நாணல் கதிர்க்குருவி. எடை பத்துப் பன்னிரண்டு கிராம்தான். பின்லாந்து, ரஷ்யா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து ஏப்ரல் வாக்கில் திரும்பும். பழுப்பு நிறம், இலைக்குள்ளேயே நடமாட்டம். கண்ணை மட்டும் நம்பினால் ஆறு மாதமும் உங்கள் வீட்டிலேயே இருந்தும் தெரியாது. அதனால்தான் காது என்கிறேன். ஒரு தடவை அத்தைக்குக் காட்டினேன். அதிலிருந்து மாலைக் காப்பியோடு செம்பருத்திப் பக்கம்தான் உட்காருகிறார்.

நீங்கள் இன்னொன்றையும் கேட்டிருக்கலாம்: போன வருஷம் வந்ததே இந்த வருஷமும் வருமா? பழுப்புக் கீச்சான் அப்படி வரும். சைபீரியா, மங்கோலியா பக்கத்திலிருந்து வந்து குளிர்காலத்துக்கு ஓர் இடம் பிடித்துக்கொண்டு கரகரவென்று கத்தும். காலில் வளையமிட்டுப் பார்த்ததில், அடுத்த வருஷமும் அதே இடத்துக்கே திரும்புவது தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டுப் பின்னால் கேபிள் ஒயரில் ஒன்று மூன்று குளிர்காலமாக உட்காருகிறது. வளையம் இல்லை, அதனால் அதேதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஒயர், அதே மூலை! சைபீரியாவிலிருந்து வழி கேட்காமல் நம் கொல்லைக்கு வருகிறது என்றால் சும்மாவா?

வந்த தேதியையும் கடைசியாகப் பார்த்த தேதியையும் காலண்டரிலேயே குறியுங்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மாடியில் நின்று 15 நிமிடம் பார்த்து, கேட்டு, இபேர்ட் (eBird) என்கிற பறவைப் பதிவுத் தளத்தில் பதிந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். காக்கையையும் புறாவையும் விட்டுவிடாதீர்கள், அவையும் கணக்குதான்.

போன வாரம் அந்த கேபிள் ஒயரைக் கழற்றிவிட்டார்கள். எனக்கு ஒரே கவலை. நேற்றுக் காலை கரகரவென்று சத்தம், ஓடிப்போய்ப் பார்த்தால் முருங்கை உச்சிக்கு மாறியிருக்கிறது.