ராமநாதபுரம் தண்ணியில்லாக் காடா?

அடுத்த கேள்வி நாமக்கல்லில் இருந்து ஒரு தம்பி அனுப்பியது. "எனக்கு முதுகுளத்தூருக்கு மாறுதல் வந்திருக்கிறது. தண்ணியில்லாக் காடு என்று வீட்டில் பயப்படுகிறார்கள். வைகை அந்த மாவட்டத்துக்குள்தானே போகிறது, பிறகு ஏன் அந்தப் பெயர்?"

தம்பி, மழைக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். ராமநாதபுரம் மாவட்டத்தில் வருடத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே பெய்கிறது. கோயம்புத்தூர் சமவெளியில் இதைவிடக் குறைவு. உங்கள் நாமக்கல்லிலும் குறைவுதான்! ஆனால் அந்த ஊர்களை யாரும் தண்ணியில்லாக் காடு என்று சொல்வதில்லை.

சிக்கல் என்னவென்றால், ராமநாதபுரத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே கொட்டிவிடுகிறது. நிலமோ தட்டை. கடலைப் பார்த்து லேசாகச் சாய்ந்து கிடக்கிறது. அணை கட்ட மலையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. நிலத்தடித் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு.

வைகைக்கு வருகிறேன். அது வருசநாட்டு மலையில் பிறந்து தேனி, மதுரை, சிவகங்கை எல்லாம் தாண்டித்தான் இங்கே வருகிறது. கடைமடைக்காரன் பாடு எப்படி என்று விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். வந்து சேருகிற தண்ணீரும் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குள் போய்விடும். கடல் சிவபெருமானுக்கு நஞ்சைக் கொடுத்த பாவி, அதனால்தான் வைகை அதில் கலப்பதில்லை என்று பழைய பாட்டு ஒன்று உண்டு. வழியில் இத்தனை கண்மாய் குடித்த பிறகு கலக்க மிச்சம் ஏது என்றுதான் எனக்குத் தோன்றும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மேற்கே ஓடுகிற பெரியாற்றை வைகைக்குத் திருப்பலாமா என்று முதலில் ஆள் அனுப்பிப் பார்த்ததே ராமநாதபுரத்துக்காரர்கள்தான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானியாக, அதாவது அமைச்சராக, இருந்த முத்திருளப்ப பிள்ளை, 12 பேரை மலைக்கு அனுப்பினார். முடியும் என்றுதான் வந்து சொன்னார்கள். பணம்தான் இல்லை. முல்லைப் பெரியாறு அணை திறந்தது 1895-இல், வெள்ளைக்காரன் காலத்தில். பந்தியில் முன்வரிசை தேனிக்கும் மதுரைக்கும் போய்விட்டது.

சரி, அப்படியானால் இந்த ஜனங்கள் எப்படிப் பிழைத்தார்கள்? கண்மாயால்தான். ஒரு கண்மாய் நிறைந்து, உபரி வழிகிற கலுங்கு பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்த ஊருக்கு. ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். ஒரு கரையில் கிளம்பிய நாரை மறுகரை சேர முடியாத நீளமாம், அதில் 48 மடையாம். யார் வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பதற்கு நீர்ப்பாய்ச்சி என்று ஊரில் ஒருவர் இருப்பார். கரையை உயர்த்துவது, வரத்துக்காலைத் தூர்வாருவது எல்லாம் குடிமராமத்து, ஊரே சேர்ந்து செய்தது. அது நின்றுபோனதும்தான் இந்த மண் உண்மையிலேயே காய ஆரம்பித்தது என்பேன். மழையைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்மாய் உள்வாயில் சீமைக் கருவேலம் புகுந்துகொண்டது. அந்த மரத்தையும் வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்றுப் பிழைக்கிறார்கள், அது வேறு கதை.

விவசாயத்தைப் பாருங்கள். ஆவணி, புரட்டாசியில் மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். நாற்றங்கால், நடவு எல்லாம் கிடையாது. மழை தப்பினால் அந்த வருடம் போச்சு. ஒரு போகம்தான் என்பதால் கடற்கரையோரத்து ஆட்கள் கடலையும், மற்றவர்கள் வெளியூரையும் வெளிநாட்டையும் நம்பினார்கள். இதே மண்ணில்தான் குண்டு மிளகாய் விளைகிறது. ராமநாதபுரம் முண்டு என்று 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம்தான். குடிக்கக் காவிரிக் கூட்டுக்குடிநீர் மாவட்டத்துக்கு வருகிறது. வீடு பார்க்கும்போது வாடகை கேட்பதற்கு முன்னால் குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வரும் என்று கேளுங்கள். போர்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள், உப்புக் கரித்தால் குளிக்க மட்டும்தான். இரண்டு பெரிய டிரம் வாங்கிவிடுங்கள். அப்புறம், நல்ல மழை பெய்த வருடம் என்றால் தை மாதம் வீட்டில் உள்ளவர்களை வரச்சொல்லி, முதுகுளத்தூர் பக்கத்துச் சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் கூட்டிப்போங்கள். இரண்டும் ஊர்க் கண்மாய்கள்தான், 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. கருவேல மரம் கொள்ளாமல் பறவை உட்கார்ந்திருக்கும்.