பூனைக்கு முடி கொட்டுகிறதா? தோலைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

"டொக்டர், எங்கட பூனைக்கு முடி கொட்டுது, என்ன எண்ணெய் பூசலாம்?" பலரும் என்னிடம் கேட்கிற கேள்வி இது. எண்ணெய் வேண்டாம். பூசியதையெல்லாம் பூனை நக்கி விழுங்கிவிடும். முதலில் தோலைப் பாருங்கள். நான் சொல்ல வந்ததே அதுதான்.

ரொறன்ரோவில் இருக்கிற உறவுகள், குளிர் முடிந்ததும் பூனை முடி உதிர்க்கும், பிறகு தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லியிருப்பார்கள். அவர்களுடைய ஊருக்கு அது சரி. முடி வளர்வதிலும் உதிர்வதிலும் பகல் வெளிச்சத்தின் நீளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் 6 மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம். யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 1 மணித்தியாலம்தான். ஆகவே எங்கள் பூனைகள் ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும். திடீரென்று கதிரையிலும் சாரத்திலும் முடி அப்பிக்கொண்டு வந்தால், பருவம் என்று விட்டுவிடாதீர்கள்.

முடியை விரலால் பிரித்துப் பாருங்கள். வழமையான உதிர்வில் எங்கும் சொட்டை விழாது, தோலும் சுத்தமாக இருக்கும். வயிற்றிலும் பின்னங்காலிலும் முடி பாதியில் அறுந்து கட்டையாக நின்றால், அது உதிரவில்லை, பூனையே நக்கிப் பிய்த்திருக்கிறது. அரிப்போ வலியோ மனக்கலக்கமோ இருக்கலாம். முகத்திலும் காதிலும் வட்ட வட்டமாகச் செதில் படிந்த சொட்டை என்றால் படர்தாமரையாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். வைத்தியரிடம் காட்டும்வரை பிள்ளைகள் பூனையைத் தூக்கி விளையாட விடாதீர்கள்.

ஆனால் இங்கே நான் முதலில் தேடுவது தெள்ளைத்தான். பேன் சீப்பால் வாலடியில் வாருங்கள். சீப்பில் வரும் கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைக் கடதாசியில் தட்டுங்கள். செந்நிறமாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது பூனையின் செரித்த இரத்தம். முட்டைகள் பூனையில் ஒட்டி நிற்பதில்லை. அது படுக்கிற பாயிலும், மாமர நிழலில் அது கிடக்கிற மணலிலும் விழுந்து அங்கேதான் பொரிக்கின்றன. ஆகவே பூனைக்கு மட்டும் மருந்து விட்டால் போதாது. விரிப்புகளை வெந்நீரில் தோய்த்து வெயிலில் போட வேண்டும். வீட்டிலுள்ள மற்றப் பூனைகளுக்கும் நாய்க்கும் அததற்குரிய மருந்து வேண்டும்.

இந்த இடத்தில் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். நாயின் கழுத்தில் விடுகிற தெள்ளு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாய் அதைத் தாங்கும், பூனை தாங்காது. நடுக்கமும் வலிப்பும் வந்து செத்தே போகலாம். மிச்சம் இருக்கிறதே என்று பூனைக்கு ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள்.

அடுத்தது சாப்பாடு. முடி முழுக்கப் புரதம். மீன் குழம்பு விட்டுக் குழைத்த சோறு பூனையின் வயிற்றை நிரப்பும், உடம்புக்குப் போதாது. இறைச்சியிலும் மீனிலும் இருக்கிற டோரின் என்ற சத்துக் குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். குழம்பில் இருக்கிற வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். உப்பு, தூள் எதுவும் போடாமல் அவித்து முள் எடுத்த மீனோ கோழியோ கொடுங்கள். மீனை மட்டுமே நாள்தோறும் கொடுப்பதும் நல்லதல்ல. வசதியிருந்தால் பூனைக்கென்றே தயாரித்த உணவையும் சேருங்கள்.

தினமும் சில நிமிடம் சீவிவிடுங்கள். பூனையின் நாக்கு முட்கள் உள்நோக்கி வளைந்தவை, நக்கிய முடியைத் துப்ப முடியாமல் விழுங்கிவிடும். நீங்கள் சீவி எடுத்த முடி அதன் வயிற்றில் உருண்டையாகாது. சீப்புக்கு ஓடுகிற பூனை என்றால், ஈரக் கையால் தடவினாலே நிறைய வந்துவிடும். மொட்டை அடிக்க வேண்டாம், அடிக்கடி குளிப்பாட்டவும் வேண்டாம்.

குட்டி போட்ட பூனைக்கு முடி மெலிவது வழமை. நல்ல சாப்பாடு கொடுத்தால் திரும்ப வளரும். வயதான பூனை நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டு போய், முடியும் சடை பிடித்திருந்தால் தைரொயிட் கோளாறாக இருக்கலாம், அதற்கு இரத்தப் பரிசோதனை தேவை. மிருக வைத்தியரிடம் போகும்போது காற்றுப் போகிற, மூடியுள்ள கூடையில் கொண்டுபோங்கள். ஏற்கெனவே ஏதாவது மருந்து விட்டிருந்தால் அதன் உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.