ஓசிடிக்கு மூளை ஆழ்தூண்டல்: கம்பி வைத்த பிறகுதான் வேலை

வணக்கம் நேயர்களே. ஓசிடி என்பது ஒரே எண்ணமும் ஒரே செயலும் விடாமல் துரத்தும் மனநோய். அது இருப்பவரைச் 'சுத்தக்காரர்' என்று கேலி பேசுகிறோம். நான் சொல்லப்போவது, காலையில் குளிக்கப் போய்ப் பிற்பகல் வரை வெளியே வரமுடியாமல் தவிப்பவர்களைப் பற்றி. அவர்களிலும் மருந்துக்கு மசியாத சிலருக்குத்தான் மூளை ஆழ்தூண்டல், அதாவது மூளைக்குள் கம்பி வைத்து மின்சாரத்தால் தூண்டும் சிகிச்சை.

ஓசிடியின் கடுமையை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலில் 40க்கு 28 மதிப்பெண்ணாவது இருக்கிறதா என்று பொதுவாகப் பார்ப்பார்கள். குளோமிப்ரமின் உட்படப் பல மாத்திரைகளை முழு அளவில், மூன்று மாதமாவது சாப்பிட்டிருக்க வேண்டும். அழுக்கைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருந்து பழகும் பயிற்சியும் முடிந்திருக்க வேண்டும். அரை அளவு மாத்திரையை ஆறு வாரம் விழுங்கியதெல்லாம் கணக்கில் சேராது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, மனநோய்க்கான மூளை அறுவைக்கு நோயாளியின் சம்மதமும் மனநல வாரியத்தின் அனுமதியும் கட்டாயம். வீட்டார் கையெழுத்து மட்டும் போதாது.

பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவர்கள் ஓசிடிக்கு இந்தச் சிகிச்சை செய்ததை 1999இல் முதலில் வெளியிட்டார்கள். மூளையின் இருபுறமும் 1.27 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி இறங்கும். நுனியில் பெரும்பாலும் நான்கு மின்முனைகள். அங்கிருந்து காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வயர் ஓடி, மார்பில் வைத்த பேட்டரியில் சேரும். நூற்றில் ஓரிருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு வரலாம். கிருமி தொற்றினால் கருவியையே கழற்ற நேரிடும்.

சிரமமான கட்டம் அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு மின்முனையாக, பெரும்பாலும் 130 ஹெர்ட்ஸில், மின்சாரத்தைப் படிப்படியாக ஏற்றிப் பார்ப்பார்கள். சரியான இடம் பட்டால் சில நிமிடத்திலேயே முகம் மலரும். சிலர் வாய்விட்டுச் சிரிப்பதும் உண்டு. வீட்டார் அதைக் கண்டு 'குணமாகிவிட்டது' என்று மகிழ்ந்துவிடக் கூடாது. முதலில் மாறுவது மனநிலை, பிறகு பதற்றம். கழுவும் கட்டாயம் தளர வாரங்கள், மாதங்கள் ஆகும். முன்பு பலிக்காத அதே பயிற்சியை இப்போது மறுபடி தொடங்க வேண்டும். இந்த முறை அது பலிக்க வாய்ப்பு அதிகம். தூக்கமில்லாமல் ஓயாத பேச்சு, கணக்கில்லாத செலவு என்று கிளம்பினால் மின்சாரம் அதிகம் என்று பொருள். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், குறைப்பார்.

மதிப்பெண் 35 சதவீதம் இறங்கினாலே பலன் என்கிறார்கள். பத்தில் ஏறக்குறைய ஆறு பேருக்கு அது கிடைக்கிறது. 34 இருந்தவர் 20க்கு வந்தால் நோய் போய்விடவில்லை. ஆனால் வேலைக்குப் போகலாம்.

ஓசிடிக்கு மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படுவதால், சார்ஜ் ஏற்றமுடியாத பேட்டரி ஓரிரு ஆண்டிலேயே தீரலாம். அது நின்றால் சில நாளிலேயே, சிலருக்கு மணிக்கணக்கிலேயே, கடும் மனச்சோர்வு திரும்பும். தற்கொலை எண்ணம்கூட வரலாம். திடீர்ச் சரிவைக் கண்டால் முதலில் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். முதுகுவலிக்கு பிசியோதெரபி போனால் டயாதெர்மி, அதாவது மின்காந்த அலையால் உடலுக்குள் சூடேற்றும் சிகிச்சை, வேண்டவே வேண்டாம்: அந்த அலை கம்பி நுனியைச் சூடாக்கி மூளையைச் சுட்டுவிடும்.